விழுந்தால் தானே போன் போடும் கருவி: டாலரா, வாட்சா?

ஓசூர்வாசி:
அம்மாவுக்கு 74 வயசு, வேலூர் சத்துவாச்சாரில தனியா இருக்காங்க. பட்டன் போன்தான் பழக்கம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்க. விழுந்தா எங்களுக்குத் தகவல் வரணும். கழுத்துல போடற டாலர் மாதிரி கருவி நல்லதா, வாட்சா? ஜியோ சிம் போதுமா?

பாலாற்றங்கரை:
வாட்ச் வேண்டாங்க. செல்லுலர் (தனி சிம் இணைப்பு) இல்லாத ஆப்பிள் வாட்ச், வீட்டுல ஐபோன் இல்லாம உதவாது. சார்ஜும் கிட்டத்தட்ட தினமும் போடணும். ராத்திரி சார்ஜ்ல வெச்சுட்டா, தூக்கக் கலக்கத்துல பாத்ரூம் போறப்ப கையில இருக்காது. அதுதான் விழற நேரமே.

சிம் போடற டாலர் வாங்குங்க. விலை குறைஞ்சதுல பலதும் 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதுல கால் போகவே போகாது. "4ஜி"ன்னு போட்டிருந்தாலும் வோல்ட்இ, அதாவது 4ஜியிலயே பேசற வசதி உண்டான்னு கேட்டுக்கோங்க. சிம்மை முதல்ல ஒரு போன்ல போட்டு பின் நம்பர் கேக்கற லாக்கை எடுத்துடுங்க. நம்பர்களை +91 சேர்த்துப் பதியுங்க. ரீசார்ஜ் நாள் தீந்துபோனாலும் கருவியில லைட் எரியும், பாக்க நல்லாவே இருக்கும், கால் மட்டும் போகாது. நீண்ட நாள் பிளான் போட்டுடுங்க.

தொரப்பாடி:
தானா கண்டுபிடிக்கும்ங்கறத முழுசா நம்பாதீங்க. சட்டுனு கீழ போறது, மோதற அதிர்ச்சி, அப்புறம் அசைவில்லாம இருக்கறது, இதையெல்லாம் வெச்சுத்தான் சென்சார் முடிவு பண்ணுது. சுவத்தைப் பிடிச்சு மெதுவா சரிஞ்சு உக்காந்துட்டா அதுக்குத் தெரியாது. கட்டில்ல தொப்புனு உக்காந்தா வீணா அலறும். அதனால பட்டனை அழுத்தப் பழக்கறதுதான் முக்கியம்.

தாலிச் செயினோட சேர்த்துக் கோக்க வேண்டாம், சிக்கும். இழுத்தா கழண்டுக்கற கயிறா பாருங்க. ஐபி67ங்கற தண்ணி புகாத தரம் இருந்தா குளிக்கறப்பவும் கழட்ட வேண்டாம், ஆனா சார்ஜ் பின்னை நல்லாத் துடைச்சுட்டுத்தான் செருகணும். ஈரத்தோட போட்டா பின் அரிச்சுடும்.

கூடவே வயர்லெஸ் காலிங் பெல் ஒண்ணு: பட்டன் பாத்ரூம் சுவத்துல தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல, தண்ணி தெறிக்காத பக்கமா. பெல் பக்கத்து வீட்டுல. சுவர் குறுக்க இருந்தா பெட்டியில போட்ட தூரம் எட்டாது, ஒட்டறதுக்கு முன்னாடி அடிச்சுப் பாத்துக்கோங்க.

காட்பாடி ஜங்ஷன்:
முதல் நம்பர் உங்களோடது வேண்டாம், பக்கத்து வீட்டோடது. நீங்க கிளம்பி வர்றதுக்குள்ள மூணு மணி நேரம் ஓடிடும். அவங்க போன் சைலண்ட்ல இருந்தாலும் இந்த நம்பருக்கு மட்டும் ரிங் வர்ற மாதிரி வெச்சுடுங்க. காங்கிரீட் வீட்டுக்குள்ள, இருக்கற இடத்தைக் காட்டற ஜிபிஎஸ் தடுமாறும், அடுத்த தெருவைக் கூடக் காட்டலாம். தெரு, அடையாளம் எழுதின சீட்டு அவங்க கையில இருந்தா 108க்குச் சொல்ல வசதி.

உள்தாழ்ப்பாள் போட்டிருந்தா யாரும் நுழைய முடியாது. வெளியிலேர்ந்தும் சாவி போட்டுத் திறக்கற பூட்டு மாட்டி, ஒரு சாவி பக்கத்து வீட்டுல கொடுங்க. பாத்ரூம் தாழ்ப்பாளை எடுத்துடுங்க.

விழுந்தவங்களைக் கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தா இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கலாம், அசைக்காம 108 கூப்பிடணும். உங்கம்மா சாப்பிடற மாத்திரைக்கு, தலையில அடிபட்டா நல்லாப் பேசினாலும் உடனே ஆஸ்பத்திரிதான். உள்ள ரத்தம் கசிஞ்சு தாமதமாத் தெரியும். மாத்திரைப் பேரையும் சீட்டுல எழுதுங்க.

ஓசூர்வாசி:
ரொம்ப நன்றிங்க. வாங்கினதும் எப்படிச் சோதிக்கறது?

பாலாற்றங்கரை:
பாத்ரூம் கதவைச் சாத்திட்டு, தரையில உக்காந்து அழுத்தச் சொல்லுங்க. சிக்னல் அங்கதான் மந்தம். குரல் ரெண்டு பக்கமும் கேக்குதான்னு பாருங்க. முதல் நம்பர் எடுக்காட்டி ரெண்டாவதுக்குத் தாவுதான்னும் பாக்கணும். மாசம் ஒருதடவை இதைச் செய்யுங்க.