ரோமானிய வெள்ளிக் காசுகளில் புராணக் காட்சிகள்: உங்களுக்கு மறக்காதது எது?

காசுப்பிரியன்:
யுலிஸஸ் தினாரியஸ். தினாரியஸ் என்றால் ரோமானிய வெள்ளிக் காசு; யுலிஸஸ், டிராய் போருக்குப் போய் ஊர் திரும்பிய ஹோமர் காவிய நாயகன். கி.மு. 82, மாமிலியஸ் லிமெட்டானஸ் அடித்தது, விளிம்பெல்லாம் வெட்டு வெட்டாக இருக்குமே, அதேதான். படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். லண்டனில் ஒரு வியாபாரி கையிலேயே கொடுத்தபோதுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். யுலிஸஸ் தடியூன்றி நடந்து வருகிறான், ஒரு கை அவனுடைய நாய் ஆர்கஸ் பக்கம் நீள்கிறது. ஆர்கஸ் கழுத்தை நிமிர்த்தி அவன் முகத்தையே பார்க்கிறது. இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்தவனை யாரும் சொல்லாமலே கண்டுகொண்ட நாய். ஹோமரில் அந்த நிமிஷமே செத்துப்போகும், காசில் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. அந்தத் தலை நிமிர்வு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

திருச்சி வாசகி:
நாய் அழகுதான். ஆனால் பாசத்துக்காக அடித்த காசு இல்லை அது. மாமிலியஸ் குடும்பம் யுலிஸஸின் மகன் டெலிகோனஸ் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்டது. காசடிக்கும் பொறுப்பு கைக்கு வந்ததும் குலப்பெருமையைப் பொறித்துவிட்டார்கள். சீசரும் அதைத்தான் செய்தார். எனக்கு மறக்காதது அவருடைய கி.மு. 47-46 காசு: முன்பக்கம் வீனஸ் தேவி, பின்பக்கம் அப்பா அன்கைசஸைத் தோளில் தூக்கிக்கொண்டு எரியும் டிராயை விட்டு வெளியேறும் அவள் மகன் ஈனியஸ், கையில் டிராயைக் காத்த பல்லாடியம் என்ற அதீனா சிலை. கண்ணாடிப் பேழை முன் நின்றபோது ஒன்று உறுத்தியது. ஈனியஸின் பையனைக் காணோம்! சீசரின் ஜூலியஸ் குலம் தன் பெயருக்கே காரணம் என்று காட்டியது யூலஸ் என்ற அந்தப் பையனைத்தானே?

கொங்கு சேகரிப்பாளர்:
எனக்கு டார்பியா, ரோமைச் சபைன்களுக்குக் காட்டிக்கொடுத்து, அவர்கள் கேடயங்களாலேயே நசுக்கிக் கொல்லப்பட்ட பெண். கி.மு. 89, டிட்டூரியஸ் சபைனஸ் அடித்த காசு. இடுப்பு வரை கேடயங்களுக்குள் புதைந்து, இரண்டு கையையும் விரித்துத் தள்ளுகிறாள். பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.
வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், முதலில் எடை போடுங்கள். குடியரசுக் காலத் தினாரியஸ் ஏறக்குறைய 3.9 கிராம் இருக்கும். ரொம்பக் குறைந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடாக இருக்கலாம். வெட்டு விளிம்பை வைத்தே அசல் என்று நம்பிவிடாதீர்கள், செம்பு வைத்ததிலும் அந்த வெட்டு உண்டு. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அது அடித்த காசே இல்லை, வார்த்தது, தொடவே வேண்டாம். அப்புறம், கறுத்திருக்கிறதே என்று குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முகம் மழுங்கும், மதிப்பும் போகும்.

காசுப்பிரியன்:
வாசகி, குலப்பெருமை என்பது சரி. ஆனால் சுமார் நூறு வருஷம் முன்பு அதே குடும்பம் அடித்த வெண்கலக் காசைப் பாருங்கள். கப்பல் முகப்புக்கு மேல் யுலிஸஸ் தடியோடு தனியாக நிற்கிறான், நாய் கிடையாது. பெருமைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாய் பிறகு வந்து சேர்ந்தது என்றால், அந்தக் கதையை நேசித்த யாரோ கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.