ஈரோட்டு வெயிலில் கடல் தொட்டி: நத்தை சாகிறது, பவளம் வைக்கலாமுங்களா?

காவிரிக்கரை:

வணக்கமுங்க, ஊர் ஈரோடு. பத்து வருஷமாகக் கப்பி, ஏஞ்சல் என்று நல்ல தண்ணீர் மீன் வளர்த்தவன். ஜனவரியில்தான் முதல் கடல் தொட்டி வைத்தேன். மூன்றடி நீளம், கல்லும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர். அமோனியா ஊற்றி சைக்கிள் செய்து (கழிவை மாற்றும் பாக்டீரியாவை வளர்த்து), ஐந்து வாரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10. ஒரு ஜோடி க்ளௌன் மீன் விட்டு ஒரு மாதமாகிறது. கையைக் கண்டாலே மேலே வந்துவிடுகின்றன.

வெயில் ஏறியதும் தண்ணீர் 30 டிகிரிக்குப் போனது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்க இப்போது காசில்லை. தொட்டி மேலே இரண்டு சின்ன ஃபேன் வைத்தேன், 27-க்கு இறங்கியது. அது இருக்கும் 20 நாள். போன வாரம் ஐந்து டர்போ நத்தை விட்டேன், மூன்று செத்துவிட்டன. மீதி இரண்டும் கண்ணாடியில் ஏறுவதே இல்லை. மணலில் மல்லாந்து கிடக்கின்றன, நிமிர்த்தி விட்டால் மறுபடி விழுகின்றன. மணல் மேல் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. கடைக்காரர், "லைட் பத்தல, அதான்" என்று 18 ஆயிரத்துக்கு ஒன்றைக் காட்டுகிறார். அதை வாங்கிப் போட்டுவிட்டுப் பவளம் வைத்துவிடலாமுங்களா?

பீளமேட்டுக்காரன்:

லைட்டை விடுங்க. நத்தைக்கு லைட் எதற்கு? மூன்று விஷயம் சொல்லுங்கள். தினமும் குறைகிற அளவுக்கு எதை ஊற்றுகிறீர்கள்? உப்பு கடைசியாக எப்போது அளந்தீர்கள்? தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்?

காவிரிக்கரை:

ஃபேன் வைத்த பிறகு தினம் ஒன்றரை லிட்டர் குறைகிறது. ட்ரம்மில் உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறேன், அதிலிருந்தே ஊற்றுகிறேன். கடல் தொட்டிதானே என்று. உப்பு முதல் நாள் ஒப்படர்த்தியில் 1.025 இருந்தது, அப்புறம் பார்க்கவில்லை. தண்ணீர் சமையலறை ஆர்.ஓ.வில் பிடிப்பது.

பீளமேட்டுக்காரன்:

அடக் கெரகமே, அதுதான் சங்கதி. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே நிற்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வதை நீங்கள் ஹாலில் ஃபேன் போட்டுச் செய்துகொண்டிருக்கிறீர்கள்!

கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு என்றால் ஒன்றரை லிட்டரில் 52 கிராம். 20 நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக இறங்கியிருக்கிறது. 150 லிட்டருக்கு அது லிட்டருக்கு 7 கிராம். உங்கள் தண்ணீர் இப்போது 42-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து அளந்து சொல்லுங்கள். அதற்கு முன்னால் 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) கரைசலை ஒரு சொட்டு விட்டு அளவுத்திருத்தம் செய்துகொள்ளுங்கள்.

மீன் நன்றாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். மீன் கடல் தண்ணீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். நத்தைக்கும் பவளத்துக்கும் அந்த வசதி கிடையாது. வெளியே உப்பு ஏறினால் உடம்புக்குள்ளும் ஏறும். நத்தை போனது கொடுமைதான், ஆனால் அதனால் உங்கள் பவளக் காசு தப்பித்தது.

காவிரிக்கரை:

அளந்தேன். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 1.031-ஐத் தாண்டி நிற்கிறது. பிபிடி பக்கம் 42. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்ததை வாராவாரம் துடைத்திருக்கிறேன், அப்போதும் உறைக்கவில்லை. இன்றைக்கே பாதியைக் கொட்டி மாற்றிவிடவா?

பீளமேட்டுக்காரன்:

வேண்டவே வேண்டாம். ஏறியது 20 நாளில், ஒரே நாளில் இறக்கினால் மிச்ச நத்தையும் போகும். தினம் 5 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். அன்றன்றைக்கு ஆவியாகும் ஒன்றரை லிட்டருக்கும் வெறும் தண்ணீர்தான். ஐந்தாம் நாள் 35-க்குப் பக்கத்தில் வந்துவிடும். தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வையுங்கள், அந்தக் கோட்டுக்கு எப்போதும் நல்ல தண்ணீர் மட்டுமே.

பொள்ளாச்சி அக்கா:

தம்பி, அந்தப் பழுப்பை யாரும் பேசவில்லையே. ஆர்.ஓ. தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு? வீட்டு மெஷினில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கிறது. நம்ம பக்கத்துப் பாறைப் போர்த் தண்ணீரில் சிலிக்கா இருக்கும், மணலில் பழுப்பாகப் படியும் டயாட்டம் பாசிக்கு அதுதான் சோறு. திருகை முழுக்க மூடுங்கள். முடிந்தால் கடைசியில், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாய் சேர்த்து பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஆனால் டயாட்டம்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி மறைந்து, பகலில் குமிழியோடு சளி இழைபோல் வந்தால் அது டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்) என்ற வேறு வகைப் பாசியாக இருக்கலாம். கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, கண்ணாடி டம்ளரில் விட்டுக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழையாகத் திரண்டால் டைனோ. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத தொட்டியில்தான் அது அதிகம் வரும். உங்களுக்கு நைட்ரேட் 10 இருப்பதால் பெரும்பாலும் டயாட்டம்தான்.

காவிரிக்கரை:

டிடிஎஸ் 48 அக்கா. திருகை மூடியதும் 19-க்கு வந்துவிட்டது! டம்ளரில் இழை எதுவும் திரளவில்லை, தூளாக அடியில் தங்கிவிட்டது.

இன்னொன்று. தெரிந்தவர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கமிருந்து உயிர்க்கல்லும் (கடலுயிர் ஒட்டிய கல்) பவளமும் மலிவாக வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பொள்ளாச்சி அக்கா:

அந்தப் பேச்சே வேண்டாம் கண்ணு. கற்பவளம் (கல்போல் கூடு கட்டும் பவளம்) அத்தனையையும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. செத்துப்போன பவளக்கல் என்றாலும் வழக்குத்தான். கடையில் யாராவது கற்பவளம் காட்டினாலும் கையை நீட்டாதீர்கள். கல் கூடு இல்லாத காளான் பவளம், ஜோவாந்தஸ் மாதிரி ஆரம்பக்காரருக்கு ஏற்றதை, வளர்த்து வெட்டிய துண்டாக, பில்லோடு தருபவரிடம் வாங்குங்கள்.

ஜோவாந்தஸ் வாங்கினால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தொடுங்கள். அதில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கலாம். அது ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துவிடாதீர்கள். அந்த ஆவியால் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாட்டில் உண்டு.

காவிரிக்கரை (எட்டு நாள் கழித்து):

35-க்கு வந்து மூன்று நாளாக அப்படியே நிற்கிறது. பவளத்துக்கு வேண்டிய மற்றதையும் அளந்தேன்: காரத்தன்மை 8.5 டிகேஹெச் (அதன் அளவீடு), கால்சியம் 420, மெக்னீசியம் 1300. பழுப்பு பாதியாகிவிட்டது. இன்று காலை ஒரு நத்தை கண்ணாடியில் ஏறி, பாசியை மேய்ந்துகொண்டே ஒரு சாண் அகலத்துக்குப் பாதை போட்டிருக்கிறது. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இதுக்குத்தான் எட்டு நாளா ராத்தூக்கம் இல்லாம இருந்தீங்களா" என்றார். இப்போது வாங்கலாமுங்களா?

பீளமேட்டுக்காரன்:

இன்னும் இரண்டு வாரம் இதே அளவில் நிற்கட்டும். அப்புறம் ஒரே ஒரு காளான் பவளம், மணலோரம் வெளிச்சம் குறைந்த இடத்தில். இருக்கிற லைட்டே போதும். பவளத்துக்கான மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பூச்சி, புழு ஒட்டிக்கொண்டு வரும். கால்சியம் எதுவும் தனியாக ஊற்ற வேண்டாம், வாரம் 15 லிட்டரை எடுத்துவிட்டு, 35-க்குக் கலந்த புது உப்புத் தண்ணீர் மாற்றினால் சரி.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கிற நாளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? காலை 9-க்குப் போனால் சாயங்காலம்தானே வரும்.

காவிரிக்கரை:

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதிக்கு அறிவித்திருக்கிறார்கள்.

பீளமேட்டுக்காரன்:

தண்ணீரை ஓடவைக்கும் வேவ் மேக்கரையும் ஃபேனையும் அதில் மாட்டுங்கள், லைட் அணைந்தே கிடக்கட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ஓட்டம் நிற்கக்கூடாது. செவ்வாய் சாயங்காலம் தண்ணீர் எத்தனை டிகிரி, எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பவளத்துக்கு நாள் குறிக்கலாம்.