தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓட்ட: 160 கிலோ வண்டியா, 200 கிலோ வண்டியா?

பாலக்கோடு_செம்மண்:

வணக்கம். அட்வெஞ்சர் பைக் ஒண்ணு எடுக்கணும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, இந்த ரெண்டுக்கு நடுவுலதான் இழுபறி.

ஓடப்போற பாதை இதுதான். மாசம் ஓரிரு முறை ராயக்கோட்டை, ஓசூர் வழியா பெங்களூர். லீவு நாள்ல பென்னாகரம் – ஒகேனக்கல் – அஞ்செட்டி – தேன்கனிக்கோட்டை, இல்லேன்னா அரூர் போய் சித்தேரி, இல்லேன்னா வத்தல்மலை. நடுநடுவே மண் பாதை, ஏரிக்கரை, கல்குவாரி டிப்பர் ஓடுற ரோடு. சில நாள் தனியா, சில நாள் பின்னாடி வீட்டுக்காரம்மா. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 70 கிலோ.

எடை குறைஞ்சதே நல்லதுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. பவர் இல்லாம ஹைவேல கஷ்டப்படணுமான்னு இன்னொரு கூட்டம் கேக்குது. கணக்கோட யாராவது சொல்லுங்க.

சரளைப்பாதை:

முதல்ல பாதையைப் பிரிச்சுப் பாருங்க. நீங்க சொன்னதுல ஒகேனக்கல் – அஞ்செட்டி ரோடு, வத்தல்மலை ஏற்றம், அரூர் – சித்தேரி எல்லாமே தார். குழி இருக்கும், வளைவு இருக்கும், ஆனா தார்தான். அதுக்கு ரெண்டு வண்டியுமே போதும். எடை பேச ஆரம்பிக்கிறது தார் முடிஞ்ச பிறகுதான்: சித்தேரியைத் தாண்டி மலைக்கிராமங்களுக்குப் பிரியுற பாதை, மழைக்குப் பிறகு ஏரிக்கரை, குவாரி ரோட்ல ஒதுங்கிக் கிடக்குற ஜல்லி. மொத்த ஓட்டத்துல அது பத்துல ஒரு பங்குகூட வராது. ஆனா வண்டியைக் கீழ போடுறது அங்கதான்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி பெட்ரோலோட ஏறக்குறைய 159 கிலோ. ஹிமாலயன் 450 196 கிலோ. வித்தியாசம் 37 கிலோ. இதுல டேங்கைக் கவனிங்க. ஹிமாலயன்ல 17 லிட்டர், எக்ஸ்பல்ஸ்ல 13. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோன்னு வெச்சா, ஹிமாலயன்ல நிறைஞ்ச டேங்க் மட்டும் 12 கிலோவுக்கு மேல. அதுவும் வண்டியோட உச்சியில உட்கார்ந்திருக்கு. மண் பாதைக்குப் போற நாள்ல அரை டேங்க் மட்டும் வெச்சுக்கிட்டா சாயுற உணர்வு நல்லாவே குறையும். இதுக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனா யாரும் செய்யறதில்லை.

வண்டி விழுறது பெரும்பாலும் வேகத்துல இல்லை. சரிவுல நின்னு திருப்பும்போது, பள்ளத்துப் பக்கம் கால் ஊன்றப் போய்த் தரை எட்டாம விழும். ஓடும்போது 37 கிலோ தெரியவே தெரியாது. நின்ன இடத்துல முழுசாத் தெரியும். சரிவுல திருப்பணும்னா இன்ஜினை ஆஃப் பண்ணி, கீழே இறங்கி, வண்டியோட மேட்டுப் பக்கம் நின்னு, கியர்ல போட்டு, கிளட்ச்சை பிரேக் மாதிரி விட்டு விட்டுப் பின்னால உருட்டுங்க. நியூட்ரல்ல உருட்டினா முன் பிரேக் மட்டும்தான் கையில இருக்கும். ஏற்றத்துல முன்சக்கரத்து மேல பாரம் இருக்காது, சரளையில அது அப்படியே வழுக்கும்.

விழுந்தா தூக்குற முறை: முதல்ல இக்னிஷன் ஆஃப். வலப்பக்கம் விழுந்திருந்தா சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே வெளியே தள்ளிடுங்க, அந்தப் பக்கம் போய்ச் சாயாது. முதல் கியர்ல போடுங்க, உருளாது. ஹேண்டிலைத் தரைப் பக்கமா முழுசாத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில் பிடியில, ஒரு கை பின்னாடி கம்பியில வெச்சு, காலால தள்ளி பின்னோக்கி நடங்க. முதுகை வளைச்சுத் தூக்கினா மறுநாள் படுக்கைதான். தூக்கினதும் ஸ்டார்ட் ஆகலேன்னா பதறாதீங்க. சாய்வு சென்சார் இன்ஜினை நிறுத்தியிருக்கும். சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகும்.

தட்டையான இடத்துல 196 கிலோவை ஒருத்தர் இப்படித் தூக்கிடலாம். சரிவுல, வெயில்ல, மூணாவது தடவை விழுந்தப்ப தூக்க முடியுமாங்கறதுதான் கேள்வி. தனியா போறவருக்கு என் ஓட்டு எக்ஸ்பல்ஸ்.

ராயக்கோட்டை_டாப்கியர்:

சரளைப்பாதை சொன்னதுல தப்பில்லை. ஆனா அண்ணன் பின்சீட்டை மறந்துட்டாரு.

கணக்கு போடுவோம். ஓட்டுறவர் 70, பின்னாடி 60, ஹெல்மெட், சாமான் எல்லாம் சேர்த்து 20. மொத்தம் 150 கிலோ சுமை. எக்ஸ்பல்ஸ் 18.9 பிஎஸ் (குதிரைத்திறன்), சுமையோட 309 கிலோ: டன்னுக்கு 61 பிஎஸ். ஹிமாலயன் 40 பிஎஸ், சுமையோட 346 கிலோ: டன்னுக்கு 116. கிட்டத்தட்ட இரு மடங்கு. நாலு வழிச்சாலையில டூவீலருக்குச் சட்டப்படி உச்ச வேகம் 80 தான், அந்த 80ஐ எக்ஸ்பல்ஸ் தனி ஆளோட நிம்மதியா ஓடும். ரெண்டு பேர், எதிர்க்காற்று, ஏற்றம் மூணும் சேர்ந்தா லாரியை ஓவர்டேக் பண்ணும்போது கையில மிச்சம் எதுவும் இருக்காது. ரெண்டு வழி ரோட்ல எதிர்ப்பக்கம் இருக்கவேண்டிய நேரம் நீளுது. ஆபத்து அதுலதான்.

பிரேக்கும் பாருங்க. ஹிமாலயன் முன் டிஸ்க் 320 மில்லிமீட்டர், பின் 270. எக்ஸ்பல்ஸ் 276, 220. தொப்பூர் இறக்கத்துல ரெண்டு பேரோட, பின்னாடி லாரியோட இறங்கும்போது இது வெறும் எண் இல்லை. (எந்த வண்டியா இருந்தாலும் அங்க கியரைக் குறைச்சு இன்ஜின் பிரேக்கிங்ல இறங்குங்க.)

ஹிமாலயன்ல தெரிஞ்சுக்கவேண்டிய குறை ஒண்ணு உண்டு. 40 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்குற விசை) வர்றது 5,500 ஆர்பிஎம்ல. பழைய ஹிமாலயன் 411ல 32தான், ஆனா அது 4,000ஐ ஒட்டியே வந்துடும். அதனால 450ஐ மண் பாதையில சோம்பலா உருட்ட நினைச்சா 3,000க்குக் கீழ திணறி நின்னுடும். நின்ன இடத்துல விழும். ஒரு கியர் குறைச்சு, கிளட்ச்சைக் கொஞ்சம் பிடிச்சு ஓட்டப் பழகணும்.

ரெண்டு பேர் ஏறுற நாள்ல பின் ஸ்பிரிங் பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வெக்கிற அளவு) ஏத்தாம ஓட்டாதீங்க. அளவு இப்படி எடுக்கணும்: பின்சக்கரம் தரையில படாம வண்டியைத் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேல ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. அப்புறம் வழக்கமான சுமையோட ஆள் உட்கார்ந்து அதே இடத்தை அளங்க. வித்தியாசம் மொத்தச் சஸ்பென்ஷன் ஓட்டத்துல மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். ஹிமாலயனுக்குப் பின்னாடி 200 மில்லி, அப்போ 60 முதல் 65. எக்ஸ்பல்ஸுக்கு 170, அப்போ 50 முதல் 55. அதுக்கு மேல அமுங்கினா முன்பக்கம் தூக்கிக்கும், ஹேண்டில் லேசாகி வளைவுல அகலமா ஓடும், ஒவ்வொரு குழியிலும் அடி வாங்கும்.

ஸ்போக்_சத்தம்:

ரெண்டு பேரும் எடை, பவர்னு பேசறீங்க. இந்த ஊர்ல பயணத்தை நிறுத்துறது டயர்தான்யா. குவாரி ரோட்ல கிடக்குற உடைச்ச கருங்கல் கத்தி மாதிரி இருக்கும்.

ரெண்டு வண்டிக்கும் முன்சக்கரம் 21 அங்குலம். எக்ஸ்பல்ஸ் ட்யூப். ஹிமாலயன்ல ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் தனியா காசு கட்டினா கிடைக்கும், கட்டுங்க, யோசிக்காதீங்க. அஞ்செட்டிலயோ பென்னாகரத்துலயோ பஞ்சர் கடை இருக்கு, ஆனா 21 அங்குல ட்யூப் இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

ட்யூப் வண்டின்னா கூடவே இருக்கவேண்டியது: 21 அங்குல ட்யூப் ஒண்ணு (அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்துலயும் இதையே மடிப்பு விழாமத் திணிச்சு ஊர் வந்து சேரலாம், பின் ட்யூப் முன்னாடிக்கு ஆகாது), டயர் லீவர் மூணு, ரெண்டு ஆக்ஸில் நட்டுக்கும் பொருந்துற ஸ்பேனர், வால்வு கழட்டுற கருவி, சின்ன பம்ப், கொஞ்சம் சோப்புத் தண்ணி. டயரைக் கழட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்து பீடை (டயரோட உள்விளிம்பு) ரிம் நடுப் பள்ளத்துல கால் போட்டு அமுக்கிட்டு, வால்வு பக்கத்துலேர்ந்து லீவர் போடுங்க. திரும்ப மாட்டும்போதும் பீட் பள்ளத்துல இறங்காம நெம்பினா லீவர்தான் புது ட்யூபைக் கடிக்கும். புது ட்யூபும் பஞ்சர்னு கத்துறவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதான்.

காத்து: தார்ல ஸ்டிக்கர்ல போட்ட அளவு. சரளை, மண்ணுன்னா எக்ஸ்பல்ஸுக்கு 20 முதல் 22 பிஎஸ்ஐ, ஹிமாலயனுக்கு 24ஐ ஒட்டி. இதுக்கும் கீழ இறக்கினா கல்லுல மோதும்போது ட்யூப் ரிம்முக்கு நடுவுல நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். டயர் ரிம் மேல நகர்ந்து வால்வையும் பிய்ச்சிடும். திரும்பத் தார் ஏறினதும் காத்து அடிச்சுட்டுத்தான் வேகம் எடுக்கணும்.

ஸ்போக்கை மாசம் ஒரு தடவை ஸ்பேனரால தட்டிப் பாருங்க. எல்லாம் ஒரே மாதிரி கணீர்னு கேக்கணும். ஒண்ணு மட்டும் தொப்புன்னு கேட்டா அது லூஸ். அப்படியே விட்டா பக்கத்து ரெண்டும் உடையும். ஏர் ஃபில்டரை மேனுவல் சொல்ற கிலோமீட்டர் வரைக்கும் விடாதீங்க, டிப்பர் ரோட்ல ஓடினா 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்து பாருங்க.

பாலக்கோடு_செம்மண்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒரு விஷயம் தெளிவாச் சொல்லல: வீட்டுக்காரம்மா வர்றது தார் ரோட்டுக்கு மட்டும்தான். மண் பாதைக்கு நான் தனியாத்தான் போவேன். உள்கால் அளவு 75 செ.மீ. ஹிமாலயன் சீட் 825 மில்லின்னு போட்டிருக்கு, எட்டுமா? வண்டி உயரத்தைக் குறைக்கிற லோயரிங் கிட் போடலாமா?

சரளைப்பாதை:

எக்ஸ்பல்ஸும் 825தான், அதனால சீட் உயரத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது. (எக்ஸ்பல்ஸ் புரோ வேரியன்ட் 891, அந்தப் பக்கமே போகாதீங்க.) உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி அஞ்சு செ.மீ. கிட்ட இறங்கும். ரெண்டு காலும் முன்பாதத்துல எட்டும், ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தா அந்தக் கால் முழுசா ஊனும். மண் பாதைக்கு அது போதும், ஆனா இங்கதான் 159ம் 196ம் வேற வேற.

லோயரிங் லிங்க் வேண்டாம். பின்பக்கம் மட்டும் இறங்கினா ஹேண்டில் மந்தமாகும். முன் ஃபோர்க்கையும் கிளாம்ப்ல அதுக்கேத்த மாதிரி மேல ஏத்தணும். சைடு ஸ்டாண்ட் நீளமாத் தெரியும், வண்டி நேரா நின்னு காத்துக்கே சாயும், அதையும் வெட்டி வெல்ட் பண்ணணும். கிரவுண்ட் கிளியரன்ஸும் போச்சு. அதுக்குப் பதிலா சீட் ஃபோமை ரெண்டு செ.மீ. செதுக்கி, தொடை வர்ற இடத்துல ஓரத்தைக் குறுக்கச் சொல்லுங்க. இருக்கை தைக்கிற கடையில முடியுற வேலை.

பின்சீட்டு தார்ல மட்டும்னா கணக்கு மாறுது. எக்ஸ்பல்ஸ் 210 பார்த்தீங்களா? 24.6 பிஎஸ், லிக்விட் கூலிங், ஆறு கியர், எடை 168லேர்ந்து 170. சஸ்பென்ஷன் ஓட்டம் முன்னாடி 210, பின்னாடி 205. 200 4வியை விட 10 கிலோதான் கூட. உங்க தேவைக்கு இதுதான்னு படுது.

ராயக்கோட்டை_டாப்கியர்:

210 பரவாயில்லை, ஆனா அதே சுமையோட டன்னுக்கு 77தான் வருது. மாசா மாசம் பெங்களூர்னா நான் இன்னமும் 450தான் சொல்வேன். மண் பாதை பத்துல ஒரு பங்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க சரளை.

சரளைப்பாதை:

அந்த ஒரு பங்குலதான் பக்கத்துல தூக்க ஆள் இல்லை.

கிடுகிடு_ஓடை:

நடுவுல ஒரு மாற்று: சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 250, 167 கிலோ, 26.5 பிஎஸ். முன்னாடி 19 அங்குல அலாய், ட்யூப்லெஸ், பஞ்சர் போடுறது அஞ்சு நிமிஷம். ரெண்டு பேருக்கு சீட் நல்லா இருக்கும். ஆனா ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கிறது) அணைக்க முடியாது. சரளை இறக்கத்துல பின்பிரேக் மிதிச்சா துடிச்சுக்கிட்டே நிக்காம ஓடும், மெதுவாப் பழகணும். அலாய் ரிம் பலமா கல்லுல அடிச்சா வளைஞ்சு காத்து இறங்கும். 450ல பின்சக்கரத்து ஏபிஎஸ்ஸை ஆஃப் பண்ணலாம். 200 4வியில ஏபிஎஸ் முன்னாடிக்கு மட்டும்தான்.

எந்த வண்டி எடுத்தாலும் ஒண்ணு. அஞ்செட்டி, ஒகேனக்கல் சுத்தி காவிரி வடக்கு சரணாலயம் (2014), காவிரி தெற்கு சரணாலயம் (2022) ரெண்டும் இருக்கு. தார் ரோட்லேர்ந்து பிரியுற காட்டுப் பாதையில வனத்துறை அனுமதி இல்லாம இறங்கினா வழக்கு. தார்லயே சாயங்காலம் ஆனா யானை குறுக்க வரும். அங்க ஹாரன் அடிக்காதீங்க, இன்ஜினை முறுக்காதீங்க, தள்ளியே நின்னு திருப்பிக்கிட்டு வாங்க.

ஸ்போக்_சத்தம்:

டெஸ்ட் ரைடு எடுக்கும்போது ஷோரூம் வாசல்ல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வராதீங்க தம்பி. மூணு விஷயம் செய்யுங்க. இன்ஜின் ஆஃப்ல சரிவான இடத்துல பின்னோக்கித் தள்ளிப் பாருங்க. ஃபுட்பெக்ல நின்னு ஓட்டிப் பாருங்க, ஹேண்டில் குனியவெச்சா நடு முதுகு தாங்காது, ஹேண்டிலை உயர்த்துற ரைசர் போட வேண்டியிருக்கும். மூணாவது, வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போய் ஏத்தி இறக்கிப் பாருங்க. அவங்க ஏறும்போது உங்க ரெண்டு முன்பாதத்துல வண்டி ஆடாம நின்னா 450 எடுங்க. ஆடினா சரளை சொல்ற 210.