வெண்ணெய்க்காரம்மாவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

ஆல்ஃபரெட்டா அம்மணி

ஜார்ஜியா மாநிலத்துச் சவான்னாவில் டிவி சமையல்காரர் பாலா டீன் நடத்திவந்த ‘தி லேடி அண்ட் சன்ஸ்’ உணவகத்தை 2025 ஜூலையோடு மூடிவிட்டார்கள். செய்தியைப் படித்ததும் 2013 ஜூனில் அந்த வாசலில் நின்ற வரிசைதான் கண்முன் வந்தது. அவருடைய டிவி நிகழ்ச்சி நின்றுபோன நேரத்தில் உங்களில் யாராவது அந்தக் கூத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

2004-ல் கணவரின் வேலை விசாவோடு ஒட்டிவரும் எச்-4 விசாவில் அட்லாண்டா பக்கம் வந்தேன். வேலைக்குப் போக முடியாது, கார் ஓட்டத் தெரியாது. பகலெல்லாம் துணை ஃபுட் நெட்வொர்க் என்ற சமையல் சேனல்தான். அதில் பாலா டீன் வருவார். வெள்ளை முடி, நீலக் கண், “ஹே யால்” (தென் மாநிலப் பேச்சில் ‘ஏய், நீங்களெல்லாம்’) என்று ஒரு இழுப்பு. நான் ஆங்கிலம் புரிந்துகொண்டதே பாதி அந்தம்மாவிடம்தான். கணவர் ஆபீஸ் பார்ட்டிக்குக் கூட்டிப் போனபோது நான் ஒருத்தரிடம் “யால்” என்று சொல்லி, அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

2012-ல் ஈரோட்டிலிருந்து மாமியார் ஆறு மாதம் வந்திருந்தார். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் சரியாக வந்து உட்கார்ந்துவிடுவார். “நாம நெய் ஊத்தறதுக்கே யோசிக்கிறோம், இந்தம்மா கட்டி கட்டியா வெண்ணெயப் போடுது பாரு கண்ணு” என்பார். அப்படித்தான் எங்கள் வீட்டில் அவர் ‘வெண்ணெய்க்காரம்மா’ ஆனார். அந்த ஜனவரியில்தான் பாலா டீன் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை வெளியே சொன்னார். தெரிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சொன்ன கையோடு ஒரு நீரிழிவு மருந்துக் கம்பெனியின் விளம்பரத்துக்கும் வந்தார். ஊரே திட்டியது. என் மாமியாருக்கும் சர்க்கரை. “எனக்குங் கூடத்தான் இருக்குது, நான் மைசூர்பாக்கு திங்கறதில்லையா?” என்று மன்னித்துவிட்டார்.

சரி, வரிசைக்கு வருகிறேன். சவான்னாவை ஒட்டிய டைபீ தீவுக் கடற்கரைக்கு என்று முன்பே திட்டமிட்ட பயணம். 2013 ஜூன் 21 வெள்ளிக்கிழமை, பாலா டீனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சேனல் அறிவித்தது. காரில் போகும்போதுதான் எங்களுக்குத் தெரியும். அவருடைய தம்பியும் அவரும் சேர்ந்து நடத்திய இன்னொரு உணவகத்தில் மேலாளராக இருந்த பெண் வழக்குப் போட்டிருந்தார். அந்த வழக்கின் வாக்குமூலத்தில், கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது உண்டா என்று வக்கீல் கேட்க, “ஆமாம், சொல்லியிருக்கிறேன்” என்று ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் அது வெளியே கசிந்தது.

மறுநாள் காங்கிரஸ் தெருவில் அந்த வாசலில் கூட்டம். ஜூன் மாத சவான்னா வெயில், நம்ம சென்னையின் அக்னி நட்சத்திரத்துக்குத் தம்பி. எனக்கு முன்னால் அலபாமாவிலிருந்து வந்த ஒரு பாட்டி. “நான் இன்றைக்கு இங்கே சாப்பிட்டால்தான் அந்தச் சேனல்காரர்களுக்கு உறைக்கும்” என்றார். இரண்டு பேர் தள்ளி ஒருவர், “எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசாத பேச்சா?” என்றார், ஏதோ பூண்டு வாசனையைப் பற்றிப் பேசுவது போல. எதிர்ச் சாரியில் ஒரு கறுப்பின இளம் ஜோடி நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திட்டவில்லை, கத்தவில்லை. வெறுமனே பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் நிற்பது பசிக்காக, ஆனால் அவர்கள் கண்ணுக்கு நானும் ஆதரவாளர். டிவி கேமரா ஒன்று வந்ததும் என் கணவர் குழந்தையின் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆபீஸில் யார் பார்ப்பார்களோ என்ற பயம்.

உள்ளே போனோம். எங்கள் மேசைக்கு வந்தவர் கறுப்பினப் பெண், ஐம்பது வயதிருக்கும். ஹோகேக் கொண்டுவந்து வைத்தார். மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட குட்டி ஊத்தப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாகு ஊற்றித் தின்ன வேண்டும். நாங்கள் சைவம். கீரையில் பன்றிக்கறி போட்டு வேகவைப்பார்கள் என்று அவரே சொல்லி, “இது உங்களுக்கு வேண்டாம் கண்ணு” என்கிற தொனியில் தட்டைத் தள்ளி வைத்தார். அவரிடம் ஏதாவது கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. டிப்ஸ் மட்டும் கூடுதலாக வைத்தோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கூச்சத்தில் வைத்த காசு அது.

டிக்கெட் மூடுபவன்

நான் அமெரிக்காவையே பார்த்ததில்லை. ஆனால் இந்தம்மாவை விற்பனையிலிருந்து இறக்கியதில் என் கையும் இருக்கிறது!

2013-ல் சிறுசேரியில் நைட் ஷிப்ட். ஒரு பெரிய அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் இணையதளத்துக்கு ஆஃப்ஷோர் சப்போர்ட். ஜூன் கடைசி வாரம், நடு ராத்திரி, பி-ஒன் டிக்கெட், அதாவது உடனே முடிக்க வேண்டிய வேலை. அந்தப் பெயர் வரும் எல்லாப் பொருளையும் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லி. வாணலி, கத்தி, மசாலா டப்பா, கேக் தட்டு. பாலா என்று இருந்ததால் நான் முதலில் நம்ம ஊர் ஆம்பளை யாரோ என்று நினைத்தேன். டீம் லீட் கூகுள் பண்ணிக் காட்டினார்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் ஒவ்வொரு கம்பெனியாக அவரைக் கைவிட்டது. திங்கட்கிழமை இறைச்சிக் கம்பெனி ஸ்மித்ஃபீல்ட், புதனன்று வால்மார்ட்டும் சூதாட்ட விடுதி நிறுவனம் சீசர்ஸும், அடுத்த நாள் டார்கெட், ஹோம் டிப்போ கடைகள். மேலே அம்மணி சொன்ன மருந்துக் கம்பெனியும் அன்றைக்கே நிறுத்தி வைத்தது. புதன் காலையில்தான் அவர் ‘டுடே’ என்ற காலை டிவி நிகழ்ச்சியில் வந்து அழுதிருந்தார். அழுத பிறகும் நிற்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வேடிக்கை. எடுப்பதற்கு முன் “ஏன் இன்னும் விற்கிறீர்கள்” என்று புகார். எடுத்த பிறகு “ஏன் எடுத்தீர்கள், இனி உங்கள் கடைக்கு வரமாட்டேன்” என்று புகார். இரண்டு வகைக்கும் ஒரே பதில் டெம்ப்ளேட்டைத்தான் அனுப்பினோம். அதே நாட்களில் அக்டோபரில் வரவிருந்த அவருடைய சமையல் புத்தகம் அமேசானில் முன்பதிவிலேயே முதலிடத்துக்குப் போய்விட்டது. அதை வெளியிட இருந்த பதிப்பகமோ வெள்ளிக்கிழமை புத்தகத்தையே ரத்து செய்தது. முதலிடத்தில் இருக்கும் சரக்கை யாராவது வேண்டாம் என்று கொட்டிக் கவிழ்ப்பார்களா? நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ரசிகர்கள் வெண்ணெய்க் கட்டியைச் சுற்றி வரும் காகிதத்தைத் துடைத்து, சேனலுக்குத் தபாலில் அனுப்பக் கிளம்பினார்களாமே. நல்லவேளை, அதற்கு டிக்கெட் வரவில்லை.

சும்மா படிப்பவன்

ஒரு சமையல்காரம்மா 27 வருசத்துக்கு முன்ன ஏதோ சொன்னதுக்கு இவ்வளவா? கேஸும் தள்ளுபடி ஆயிடுச்சுன்னு படிச்சேன். அப்போ தப்பு இல்லன்னுதானே அர்த்தம்?

மேக்கன் ராத்திரி ஷிப்ட்

சும்மா படிப்பவன் தம்பி, கொஞ்சம் முழுசாகப் படியுங்கள். 1986-ல் அவர் பேங்க் டெல்லராக இருந்தபோது தலையில் துப்பாக்கி வைத்துக் கொள்ளையடித்தவனைப் பற்றிச் சொன்னதாக ஒரு சம்பவம் வரும், அதுதான் உங்கள் 27. வாக்குமூலம் அதோடு நிற்கவில்லை. ஒரு கல்யாண விருந்துக்கு, வெள்ளை கோட் போட்ட கறுப்பின ஆண்களை மட்டும் பரிமாற வைத்துப் அடிமைகள் வேலைசெய்த பழைய காலத் தோட்ட மாளிகை பாணியில் நடத்தலாம் என்று ஒரு யோசனை பற்றியும் அதில் இருந்தது. வழக்குப் போட்டவர் வெள்ளைக்காரர். கறுப்பின ஊழியர்களுக்கு நடந்த பாகுபாட்டுக்காக அவர் வழக்குப் போட முடியாது என்றுதான் ஆகஸ்டில் நீதிபதி அந்தப் பகுதியைத் தள்ளினார். மீதி சமரசத்தில் முடிந்தது. நடக்கவே இல்லை என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

நான் நாகர்கோவில்காரி, ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் நர்ஸ். அப்போது என்னோடு ராத்திரி ஷிப்டில் ஒரு மூத்த கறுப்பின நர்ஸ் இருந்தார். எனக்கு அமெரிக்காவைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எங்கள் நட்பு தொடங்கியதே ஒரு டிபன் டப்பாவில். நான் தட்டப்பயறு குழம்பு கொண்டுபோயிருந்தேன். எட்டிப் பார்த்தவர், “இது எங்க பயிறு” என்றார். எனக்கு ரோஷம் வந்து, “இல்லை, எங்க பயிறு” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதையும் சோற்றையும் சேர்த்து ஆக்கிப் புத்தாண்டு அன்று தின்பது அவர்கள் வழக்கம். ‘ஹாப்பின் ஜான்’ என்று பெயர். பயறும் வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. ஜார்ஜியா, கரோலினா கடற்கரையில் நெல் விளைந்ததே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவத்தில்தான்.

அந்த ஜூனில் பிரேக் ரூம் டிவியில் இதே செய்திதான் ஓடியது. வெள்ளைக்கார நர்ஸ்கள் இந்த அக்கா உள்ளே வருவதைப் பார்த்ததும் சேனல் மாற்றுவார்கள். அவரோ ரிமோட்டை வாங்கித் திரும்ப வைப்பார். “நீ என்ன நினைக்கிறே அக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்னதை நம்ம தமிழில் சொன்னால் இப்படி வரும்: “66 வயசு ஜார்ஜியாக்காரி அந்த வார்த்தைய சொன்னதே இல்லைன்னு சொல்லியிருந்தாத்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். எங்க பாட்டி முப்பது வருசம் வெள்ளைக்காரங்க அடுப்படியில நின்னா. அவ சுட்ட கோழிதான் அந்த டிவியில வருது. பாட்டி பேரு எங்கடி?”

சில நாளில் மைக்கேல் ட்விட்டி என்ற சமையல் வரலாற்று ஆய்வாளர் பாலா டீனுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அதை அச்செடுத்து பிரேக் ரூம் ஃபிரிட்ஜில் ஒட்டியவர் இவர்தான். ட்விட்டியும் கறுப்பினத்தவர். அந்தச் சொல்லைவிட, அமெரிக்கத் தென் மாநிலங்களின் சமையலை உண்டாக்கியவர்களின் பெயரே இல்லாமல் அது விற்கப்படுவதுதான் பெரிய விஷயம் என்று எழுதியிருந்தார். கடைசியில் பாலா டீனை விருந்துக்கும் அழைத்திருந்தார், வட கரோலினாவில் முன்பு அடிமைகள் உழைத்த ஸ்டாக்வில் தோட்டத்துக்கு. வந்து கூடச் சேர்ந்து சமையுங்கள் என்று. அந்த மாதம் எத்தனையோ பேர் என்னென்னவோ எழுதினார்கள். எனக்கு மனதில் நின்றது இந்த ஒன்றுதான்.

அப்புறம் டோரா சார்ல்ஸ். பாலா டீனிடம் 22 வருடம் சமைத்தவர், அந்த உணவகத்தின் அடுப்படிக்கே ஆதாரம். 2015-ல் தன் பெயரில் ஒரு சமையல் புத்தகம் கொண்டுவந்தார். எங்கள் அக்கா இரண்டு பிரதி வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தார். என் அலமாரியில் இருக்கும் ஒரே அமெரிக்கச் சமையல் புத்தகம் அது.

சும்மா படிப்பவன்

சரிக்கா. சம்பவத்தை மட்டும்தான் படிச்சிருந்தேன். வாக்குமூலம் மொத்தமும் இப்பத்தான் படிச்சிட்டிருக்கேன்.

ஹூஸ்டன் ஆச்சி

நிகழ்ச்சி நின்றுபோன பிறகு பாலா டீன் முதன்முதலாக வெளியே தலைகாட்டியது எங்கள் ஊரில். 2013 செப்டம்பர், ஒரு சமையல் கண்காட்சி. மகள் டிக்கெட் வாங்கியிருந்தாள், நான் ஒட்டிக்கொண்டேன். மேடைக்கு வந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைக்கிறார்கள். நானும் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தால் மறைத்திருக்கும் என்பது பாதிக் காரணம். மகள் எழவில்லை. வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவும் இல்லை.

ஆல்ஃபரெட்டா அம்மணி

ஆச்சி, உங்கள் மகளைப் போலத்தான் என் பெண்ணும் இப்போது கேட்கிறாள், “அன்றைக்கு ஏம்மா வரிசையை விட்டு வரவில்லை?” என்று. ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்த பசி என்றால் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

மாமியார் கதையை முடிக்காமல் விட்டேன். அந்த ஜூலையில் ஈரோட்டிலிருந்து போன். வழக்கமான விசாரிப்பு எல்லாம் ஆன பிறகு, “அந்த வெண்ணெய்க்காரம்மா இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்குது?” என்றார். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

“ஏனாம்?”

அந்தச் சொல்லை எப்படித் தமிழில் சொல்வது? அகராதியில் இருக்கும் எதுவும் அதற்கு ஈடாகாது. அப்புறம் வேறு வழியில்லாமல், எங்கள் ஊரில் தோட்ட வேலைக்கு வருகிறவர்களைப் பெரியவர்கள் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களே, அது மாதிரி என்றேன். பரிமாறுவதற்கு இன்னார்தான் நிற்க வேண்டும் என்று நினைத்த கதையையும் சொன்னேன்.

“அதுக்கா நிறுத்திப்போட்டாங்க?” என்றார் முதலில்.

எங்கள் தோட்டத்து வீட்டில் பின்பக்கத் திண்ணையில், ஓட்டு இறவாரத்தில் நான்கு அலுமினிய டம்ளர்கள் செருகியிருக்கும். நான் கல்யாணமாகிப் போன புதிதில் ஒன்றை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து கழுவிவிட்டேன். அதற்கு மாமியார் என்னைத் திட்டியது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். போனில் நான் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று “அத்தை, அத்தை” என்றேன்.

“இருக்கறேன் கண்ணு” என்றார். “பால்காரன் வந்துட்டான், போனை வெய்யி.”

அங்கே அப்போது மத்தியானம் இரண்டு மணி.