2,700 கிலோவில் வோம்பாட்டா? நம்பலாமா?

வேப்பங்காய்:
ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் காண்டாமிருகம் அளவுக்கு வோம்பாட் (வளை தோண்டி வாழும் குட்டையான பைப்பாலூட்டி) இருந்ததாம், எடை 2,700 கிலோவாம், ஒரு வீடியோவில் சொன்னார்கள். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கிற விலங்கு இவ்வளவு பெரிதாக வளர முடியுமா, இல்லை சும்மா அடித்துவிடுகிறார்களா?

குகைவாசி:
எடை சரிதான், கால் எலும்புகளின் சுற்றளவை வைத்துப் போட்ட கணக்கு அது. ஆனால் அது வோம்பாட் இல்லைங்க. பெயர் டிப்ரோடோடான். இன்று உயிரோடு இருப்பவற்றில் வோம்பாட்டும் கோவாலாவும் அதற்கு நெருங்கிய சொந்தம், அவ்வளவுதான், குடும்பம் வேறு. நிஜமான ராட்சத வோம்பாட் என்றால் ஃபாஸ்கோலோனஸ், அது இதன் பக்கத்தில் நின்றால் எடுபடாது. நியூ சவுத் வேல்ஸில் வெலிங்டன் குகைகளில் 1830இல் கிடைத்த டிப்ரோடோடான் எலும்புகள் இங்கிலாந்து போய், 1838இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அந்தப் பெயரை வைத்தார்.

உப்பளம்:
பை பற்றிய கேள்விக்குக் கலபோனா ஏரியைப் பாருங்கள். தென் ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரி அது. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும் தரையை நம்பி நடந்த டிப்ரோடோடான்கள் அடியில் இருந்த சேற்றில் புதைந்து செத்திருக்கின்றன. 1893இல் தோண்ட ஆரம்பித்தபோது எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன, அதில் சில பெண் விலங்குகளிடம் பை இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே குட்டியின் எலும்புகள்! பைப்பாலூட்டிகளின் குட்டி பிறக்கும்போது துளியூண்டுதான் இருக்கும், மீதி வளர்ச்சி பையில்தான், அதனால் தாய் எவ்வளவு பெரிதானாலும் பிரசவத்தில் சிக்கல் இல்லை.

வேப்பங்காய்:
அடேங்கப்பா. சரி, அப்புறம் எப்படி அழிந்தது? மனிதர்கள் வேட்டையாடியா?

குகைவாசி:
அதில்தான் இன்னும் அடிதடி. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு அழிந்திருக்கிறது, மனிதர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். ஆனால் வெட்டித் தின்றதற்கான தெளிவான தடயம் உள்ள எலும்பு கிடைக்கவில்லை. என் கட்சி, மெதுவாக இனம் பெருக்கும் இவ்வளவு பெரிய மிருகத்துக்குப் பெரிய வேட்டையே தேவையில்லை, வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றாலே கணக்கு கவிழ்ந்துவிடும்.

உப்பளம்:
தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017இல் டிப்ரோடோடானின் ஒரு பல்லை ஆராய்ந்தார்கள். அதன் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும், தின்ற செடியில் இருந்த ஸ்ட்ரான்டியம் என்ற தனிமம் அதில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும், அதன் தன்மை மண்ணைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். அதை வைத்து, குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பக்கம் அந்த விலங்கு பருவத்துக்குப் பருவம் 200 கிலோமீட்டர் போய் வந்தது தெரிந்தது. நடுவில் நீர்நிலைகள் வற்றினால் அப்படி வாழ்கிற மிருகம் என்ன செய்யும்?