ஏற்றத்தில் பெட்டரி ‘படுத்துக்கொள்வதற்கு’ ஒரு சொல் வேண்டும்

கொட்டகலையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மின்சார சைக்கிள் திருத்தும் வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பாடம் ஒரே சொல்லில் நிற்கிறது. 48 வோல்ட் லிதியம் பெட்டரி சும்மா நிற்கும்போது 52 காட்டுகிறது. ஏற்றத்தில் த்ரொட்டிலைத் திருகியதும் 43க்கு விழுகிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் 42இல் கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வெட்டிவிடுகிறது. கையை எடுத்தால் திரும்ப 51. சுமையில் விழுந்து, சுமை போனதும் எழும் இதை எப்படிச் சொல்வது? ‘வோல்டேஜ் ஸாக்’ என்று எழுதினால் பிள்ளைகள் ‘சாக்கு’ என்று வாசிக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
புதுச்சொல் எதற்கு? வோல்டேஜுக்கு ‘அழுத்தம்’, அது விழுவதற்கு ‘அழுத்த வீழ்ச்சி’ என்று பௌதிகவியல் பாடநூலில் இருக்கிறது. ‘பெட்டரி’யையும் மாற்றுங்கள். ‘மின்கலவடுக்கு’ என்பது சாதாரண தரப் பிள்ளைக்கே தெரிந்த சொல்.

ஹட்டனிலிருந்து:
சேர், கராஜுக்கு வந்து யாரும் ‘மின்கலவடுக்கு போயிருச்சு’ன்னு சொல்றதில்ல. அது கிடக்கட்டும். ‘அழுத்த வீழ்ச்சி’ இங்க சரிவராது. வயர்ல, கனெக்டர்ல விழறதுக்கும் அதே பேருதானே? ரெண்டும் வேற கோளாறு, வேற வைத்தியம்.

மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் ஒரே கனெக்டரோட ரெண்டு பக்கம் வச்சு, சுமை குடுத்துப் பாக்கணும். 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. 20 அம்பியர் ஓடும்போது 0.5 காட்டினா அந்த இடத்துல மட்டும் 10 வாட் சூடு. பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும், நம்ம மழைக்கும் பனிமூட்டத்துக்கும் பின்னுல பச்சை பூத்திருக்கும். கனெக்டரை மாத்தினா வேலை முடிஞ்சுது.

பெட்டரியோட வாயிலேயே, அதாவது ப்ளஸ் மைனஸ் முனையிலேயே, விழுந்தா கதை வேற. 20 அம்பியருக்கு 9 வோல்ட் விழுதுன்னா அகத்தடை (பெட்டரிக்கு உள்ளேயே இருக்கிற தடை) 0.45 ஓம். நல்ல பெட்டரிக்கு சுமார் 0.15தான், 3 வோல்ட்டுக்கு மேல விழக்கூடாது. முழுசா சார்ஜ் பண்ணி, ஆறவச்சு, 13 செல் வரிசையையும் தனித்தனியா அளக்கணும். பன்னிரண்டு 4.1 காட்டி ஒண்ணு மட்டும் 3.6 காட்டினா, குற்றவாளி அதுதான். சுமையில அது முதல்ல 2.8க்குப் போகும், மொத்தம் 42க்கு மேல இருந்தாலும் பிஎம்எஸ் (பெட்டரிக்குள்ள செல்களைக் காக்கிற பலகை) வெட்டும். டிஸ்ப்ளேயில சார்ஜ் மூணு கட்டை இருக்கேன்னு நம்ப வேணாம். பிஎம்எஸ்ஸைத் தாண்டி வயர் போடவே கூடாதுன்னு கையேட்டுல பெருசா போடுங்க. பலவீனமான செல் வரிசை சூடாகித் தீப்பிடிக்கிறது அப்படித்தான்.

எங்களுக்கு இது ‘படுத்துக்கிறது’. ‘அழுத்தப் படுக்கை’ன்னு போடுங்களேன்.

பேராதனையிலிருந்து:
படுக்கையா! ‘அழுத்தச் சரிவு’ நல்ல தமிழ்.

கொட்டகலையிலிருந்து:
மலையகத்தில் ‘சரிவு’ என்றால் முதலில் மண்சரிவுதான் ஞாபகத்துக்கு வரும், அடுத்தது இறக்கம். ஏற்கனவே ‘ஏற்றம்’ ஒரு தொல்லை, மேட்டுக்கும் மின்னேற்றத்துக்கும் ஒரே சொல். ‘ஏற்றத்தில் ஏற்றம் குறைந்து சரிவு உண்டாகும்’ என்று எழுதினால் எனக்கே விளங்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அப்படியானால் ‘அழுத்தத் தொய்வு’. துணிக்கொடி தொய்வது போல நடுவில் தாழ்ந்து நிற்கும். எங்கள் பக்கம் ஆஸ்துமாவுக்கும் தொய்வு என்போம். மேட்டில் மூச்சு முட்டுகிற பற்றரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பண்டாரவளையிலிருந்து:
ஐயா, ‘தொய்’ பழந்தமிழில் தளர்வு மட்டுமல்ல. மலைபடுகடாத்தில் ‘தொய்யாது வித்திய’ என்றால் உழாமல் விதைத்த என்று பொருள். புறநானூற்றின் ‘தொய்யா உலகம்’ வினை செய்து வருந்த வேண்டாத உலகம். உழைப்பைக் குறித்த சொல்லை, உழைக்க மாட்டாத பெட்டரிக்குச் சூட்டலாமா? பெண்கள் மேனியில் தொய்யில் எழுதுவதும் இந்த வேரிலிருந்தே வந்தது என்பது என் துணிபு. என் பரிந்துரை ‘இளைப்பு’. சுமை போனதும் வோல்டேஜ் எழுவதற்கு ‘இளைப்பாறல்’ தானாகவே கிடைக்கிறது.

பேராதனையிலிருந்து:
உழைக்கும்போது மட்டும்தானே விழுகிறது? உங்கள் மேற்கோள் தொய்வுக்குத்தான் சாட்சி சொல்கிறது. தொய்யிலை விட்டுவிடுங்கள், அது வரைகோலம். ‘இளைப்பாறல்’ அழகுதான். ஆனால் ‘இளைப்பு’ மெலிவு. பெட்டரியின் கொள்ளளவு வருடக்கணக்கில் குறைவதற்கு அது தேவைப்படும்.

நுவரெலியாவிலிருந்து:
சொல் எதுவானாலும் குளிரையும் அது தாங்க வேண்டும். 1868 மீட்டர் உயரத்தில், ஜனவரி விடியற்காலையில் நல்ல பெட்டரிக்கும் அகத்தடை கூடும். பத்து மணி வெயிலில் சரியாகிவிடும். அதைப் பார்த்து செல் மாற்றப் போகக்கூடாது. இரவில் பெட்டரியை வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். உறைபனி விழுந்த காலையில் வெளியே கிடந்த லிதியம் பெட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது, பூச்சியத்துக்குக் கீழே உள்ளே உலோக லிதியம் படியும்.

சுமைக்கும் ஒரு கணக்குப் போடுங்கள். ஆளும் வண்டியும் 150 கிலோ, 8 சதவீத ஏற்றம், மணிக்கு 20 கிலோமீட்டர்: மேலே தூக்கவே 650 வாட், டயர் உருளவும் மோட்டார் இழப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 970 வாட். 48 வோல்ட்டில் 20 அம்பியர். ‘குளிர்த் தொய்வு’, ‘செல் தொய்வு’ என்று பிரிக்கலாம் என்பதால் என் வாக்கு தொய்வுக்கு.

கொட்டகலையிலிருந்து:
நேரம் போய்விட்டது. தொய்வுக்கு மூவர், இளைப்புக்கு ஒருவர், படுக்கைக்கு ஒருவர். ‘அழுத்தத் தொய்வு’ அச்சுக்குப் போகிறது. ‘பெட்டரி’ அப்படியே இருக்கும், யாழ்ப்பாணம் சேர் மன்னிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
மன்னிக்க மாட்டேன். அரசகரும மொழித் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகளைப் பிறகு எதற்கு வைத்திருக்கிறோம்?

ஹட்டனிலிருந்து:
தொய்வுன்னே போடுங்க அண்ணே, வகுப்புல நான் படுக்கைன்னுதான் சொல்வேன். அட்டவணையில வெட்டுற வோல்ட்டுன்னு 42 மட்டும் போட்டுறாதீங்க. 12 வோல்ட் ஈய அமில பெட்டரி ஒண்ணுக்கு 10.5 கணக்கு: 60 வோல்ட் வண்டிக்கு 52.5, 72க்கு 63.

நுவரெலியாவிலிருந்து:
நான்காம் பாடத்துக்கு இப்போதே ஒரு சொல் தேடுங்கள். முழுச் சார்ஜோடு மேட்டிலிருந்து இறங்கினால், பிரேக் பிடித்துத் திரும்ப வரும் மின்சாரத்தை பெட்டரி ஏற்காது. முழுச் சார்ஜின் 54.6 வோல்ட்டைத் தாண்டவிடாமல் பிஎம்எஸ் வெட்டும், மோட்டார் பிரேக் சட்டென்று இல்லாமல் போகும். தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருப்பவர்களுக்கு 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்தப் பிரேக்குக்கு என்ன பெயர்?

பண்டாரவளையிலிருந்து:
‘மீட்பு’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். தொய்யில் பற்றித் தனியே எழுதுகிறேன்.