சீசன் நடுவில் பரம எதிரியோடு மோதிய அந்த வாரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொலம்பஸ், ஒஹாயோ

எனக்கு மறக்கவே முடியாத வாரம் 2023 ஜூலை 3 முதல் 9 வரை. சீசன் நடுவில் நட்சத்திர ஆட்டத்துக்காக விடும் ஆல் ஸ்டார் இடைவேளைக்கு முந்தைய வாரம். நிஜ பேஸ்பால் வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் எடுக்கும் எண்களை வைத்து மோதும் விளையாட்டுதான் ஃபேன்டஸி பேஸ்பால். எங்கள் லீக்கில் 12 அணிகள். முதலிடத்தில் என் மச்சான், இரண்டாமிடத்தில் நான். பத்து கேட்டகரி (கணக்குப் பிரிவு), வாராவாரம் இருவர் நேருக்கு நேர்; ஒவ்வொரு கேட்டகரியிலும் முந்துகிறவருக்கு ஒரு புள்ளி.

மச்சான் மார்ச் மாத டிராஃப்டிலேயே (வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள்) ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். அந்த ஆண்டு, ஓடுபவர் தொட வேண்டிய பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஓடுபவரைப் பிடிக்க, பந்து வீசும் பிட்சர் தான் நிற்கும் பிளேட்டை விட்டு விலகுவதற்கும் இரண்டு முறை என்று வரம்பு வைத்தார்கள். இனி ஸ்டீல் (பந்தை யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது) கொட்டும் என்று கணக்குப் போட்டு அட்லாண்டா வீரர் ரொனால்ட் அகுன்யாவை எடுத்தார். கணக்கு தப்பவில்லை. மேஜர் லீக்கில் 2022-ல் மொத்தம் 2,486 ஆக இருந்த ஸ்டீல், 2023-ல் 3,503 ஆனது. அகுன்யா மட்டும் 73. அந்தக் கேட்டகரியில் மச்சானை அசைக்க யாராலும் முடியவில்லை.

நான் ஜூன் மாதத்தில் சின்சினாட்டி ரெட்ஸின் புதுப் பையன் எல்லி டி லா க்ரூஸுக்கு என் வேவர் பணத்தில் (எந்த அணியிலும் இல்லாத வீரரை ஏலம் கேட்க லீக்கில் ஒதுக்கும் தொகை) பாதிக்கு மேல் கொட்டினேன். ஜூன் 6-ந்தேதிதான் முதல் ஆட்டம் ஆடியிருந்தான். "வந்து ரெண்டு நாள் ஆகாதவனுக்கு இவ்வளவா மாப்ள?" என்றார் மச்சான். எங்கள் மாநிலத்து அணியின் பையன் என்ற பாசமும் எனக்கு இருந்தது, மறுக்கவில்லை.

ஜூலை 4 விடுமுறைக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் கிரில் போட்டிருந்தோம். ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் போன். மச்சானும் அப்படியே. கோழி கருகியதுகூடத் தெரியவில்லை. என் மனைவி இரண்டு போனையும் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை நிலவரம்: மற்ற ஒன்பது கேட்டகரியில் 4–4, ஒன்று சமன். ஸ்டீலில் அவர் 7, நான் 5. மகளின் நடன வகுப்பு வாசலில் காரில் உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது: ஸ்டீல். உடனே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. ஆப் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது என்றுதான் நினைத்தேன். வீடியோவைத் திறந்தால், மில்வாக்கிக்கு எதிராக ஏழாவது இன்னிங்ஸ். சிங்கிள் அடித்து ரெட்ஸை முன்னிலைக்குக் கொண்டுவந்த டி லா க்ரூஸ், அடுத்த இரண்டே பந்துகளில் இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். பந்தை வாங்கிய பிட்சர் முதுகைக் காட்டியபடி பந்து வீசும் மேட்டை நோக்கி நடக்கிறார். அந்த ஒரு நொடியில், தொட்டால் ரன் கிடைக்கும் கடைசி இடமான ஹோமுக்கே ஓடிவிட்டான்! ஒரே இன்னிங்ஸில் இரண்டு, மூன்று, ஹோம் என மூன்றையும் ஒரு ரெட்ஸ் வீரர் திருடியது 1919-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. காருக்குள் தனியாகக் கை தட்டினேன்.

ஞாயிறு இரவு 5–4 என்று எனக்கு வெற்றியாக முடிந்தது. மச்சானிடமிருந்து ஒரே வரி: "பையன் நல்லா ஓடுறான் மாப்ள."

இர்வைன், கலிபோர்னியா

அதே ஆண்டு ஜூன் 27. எங்கள் ஃபேன்டஸி லீக் யாஹூ தளத்தில் நடக்கிறது. மட்டையும் பிடித்துப் பந்தும் வீசும் ஷோஹெய் ஓதானி அங்கே இரண்டு ஆட்கள்: பேட்டர் ஓதானி தனி, பிட்சர் ஓதானி தனி. பேட்டர் என் ஆபீஸ் அண்ணாவிடம், பிட்சர் என்னிடம். அந்த வாரம் எங்கள் இருவருக்கும்தான் மோதல். இருவரும் சேர்ந்தே அனஹைம் மைதானத்துக்குப் போனோம்.

முதல் இன்னிங்ஸிலேயே ஓதானி ஹோம் ரன். அண்ணா துள்ளிக் குதித்தார், நானும் தட்டினேன். அந்த ரன் இருந்தால்தானே என் பிட்சருக்கு வெற்றி கிடைக்கும்! பத்து ஸ்ட்ரைக் அவுட் எடுத்துவிட்டு, நகம் பிளந்ததால் ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் வெளியேறினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் அதே விரல்களோடு மட்டையைப் பிடித்து இரண்டாவது ஹோம் ரன். அவருடைய அணி ஏஞ்சல்ஸ் 4–2 என்று வென்றது. ஒரே மனிதர் எங்கள் இருவருக்கும் ஒரே இரவில் அள்ளிக் கொடுத்தார். அந்த வாரம் நான் தோற்றேன். ஆனால் அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

டாலஸ், டெக்சாஸ்

எனக்கு நேர்ந்தது மழை. எங்கள் லீக்கில் நம் பிட்சர்கள் வாரத்துக்குக் குறைந்தது 20 இன்னிங்ஸ் வீசியாக வேண்டும், இல்லையென்றால் இஆர்ஏ, விப் என்ற இரண்டு பிட்சிங் கேட்டகரியும் எதிராளிக்குப் போய்விடும். என் தம்பியோடு மோதல். இரண்டிலும் நான் முன்னிலை, கையில் 16 இன்னிங்ஸ். ஞாயிறு ஒரு பிட்சர் வீசினால் போதும் என்று மற்றவர்களை பெஞ்சில் உட்கார வைத்தேன். இரண்டு இன்னிங்ஸ் முடிந்ததும் மழை, ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கியபோது வேறு பிட்சர் வந்தார். 18-லேயே நின்றேன், இரண்டு கேட்டகரியும் போனது.

ஆகஸ்டில் மறுபடி தம்பி வந்தான். வியாழக்கிழமைக்குள் 20-ஐத் தாண்டிவிட்டேன். 6–4 என ஜெயித்தேன்.